சூட்டில் அடம்பிடிக்கும் மோட்டார் வண்டி

காலையில் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் கிளம்புகிற வண்டி, நடுப்பகலில் கால்மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் கிளம்ப மறுக்கின்றது. ஸ்டார்ட்டர் சுழல்கின்றது; இஞ்சின் பிடிக்கவில்லை. வண்டிக்கு உரியவர் வியர்க்க விறுவிறுக்கப் பத்து முறை முயல்கின்றார். பாட்டரி ஓய்ந்துபோகின்றது. மாலையில் வெயில் தாழ்ந்த பின்னர் வேறொரு பாட்டரியின் துணையோடு யாரோ ஒருவர் சாவியைத் திருப்புகின்றார். ஒன்றுமே நடவாதது போல வண்டி உறுமிக்கொண்டு புறப்படுகின்றது. பழைய பெட்ரோல் வண்டியை வைத்துக்கொண்டு வட இந்தியக் கோடையைக் கடந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. இந்த நோயைப் பற்றியே இன்று நேயர்களோடு சிறிது பேச விரும்புகின்றோம்.

நாம் மோட்டார் நிபுணர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, தில்லியில் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருகின்றோம். பணியில் சேர்ந்த புதிதில், ஓட்டுநர்களுக்கான கையேடு ஒன்று தமிழாக்கத்துக்காக நம் மேசைக்கு வந்தது. அதில் ‘வேப்பர் லாக்’ என்றொரு தொடர் இருந்தது. அகராதியைப் புரட்டினோம், ‘நீராவிப் பூட்டு’ என்று எழுதி அனுப்பிவிட்டோம். மேலதிகாரி மறுக்கவில்லை, அச்சகத்தாரும் மறுக்கவில்லை. அந்தச் சங்கதியில் நீரும் இல்லை, பூட்டும் இல்லை என்பது நமக்குத் தெரிய வந்தது 2011-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஹோடல் என்னும் ஊரில், வேப்பமரத்தடி ஒன்றில்.

அப்போது எம் அன்னையார் ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருந்தார். பிருந்தாவனத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நம்மிடம் பதின்மூன்று வயதான பெட்ரோல் வண்டி ஒன்று இருந்தது. கார்ப்புரேட்டர் வைத்த பழைய காலத்து வண்டி. விடியற்காலையில் புறப்பட்டிருக்க வேண்டும். பல காரணங்களால் ஒன்பது மணி ஆகிவிட்டது. மதுரா சாலையில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓட்டி ஹோடலை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ‘லூ’ என்று அந்தப் பக்கத்தார் சொல்லும் அனற்காற்று புழுதியை வாரி வீசிக்கொண்டிருந்தது. அன்னையார் ஒரு குவளை மோர் அருந்தட்டும் என்று கடையொன்றின் முன் நிறுத்தினோம். இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை.

அதன்பின் நாம் செய்தவை அனைத்தும் தவறு. ஆக்ஸிலரேட்டரை மேலும் கீழுமாக மிதித்தோம். விடாமல் அரை நிமிடம் ஸ்டார்ட்டரை ஓட்டினோம். ‘சோக்’கை இழுத்துப் பார்த்தோம். பிறகு மறுபடியும் ஸ்டார்ட்டர். முக்கால் மணி நேரத்தில் பாட்டரி முனகத் தொடங்கிவிட்டது. பின்னிருக்கையில் இருந்த அன்னையார், “தலை சுற்றுகிறதப்பா” என்று மெல்லச் சொன்ன பிறகுதான், எழுபது வயதான ஒருவரைத் தகரப் பெட்டிக்குள் வைத்து வாட்டிக்கொண்டிருக்கின்றோம் என்ற நினைவே நமக்கு வந்தது. இதை இன்று சொல்லும்போதும் நா கூசுகின்றது.

கடைக்கு அடுத்தாற்போல் ஒரு மிஸ்திரி இருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அவர் முதலில் வண்டியைத் தொடவே இல்லை. “மாதாஜி, இங்கே வந்து உட்காருங்கள்” என்று அன்னையாரை வேப்பமரத்தடிக் கட்டிலில் அமர்த்தி, பானைத் தண்ணீர் கொடுத்தார். முகத்தையும் கையையும் ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளச் செய்தார். அதன் பின்னரே எம்மிடம் திரும்பினார். அவர் கேட்டவை மூன்று கேள்விகள். நிறுத்தியவுடனே கிளப்பியிருந்தால் கிளம்பியிருக்குமா? காலையில் ஒரே திருப்பில் கிளம்பியதா? இப்போது ஸ்டார்ட்டர் சுழலும்போது பெட்ரோல் நாற்றம் வருகிறதா? முதல் இரண்டுக்கும் ஆம் என்றோம். மூன்றாவதற்கு இல்லை என்றோம். அந்த மூன்று விடைகளுக்குள் நோய் முழுவதும் அடங்கியிருந்தது என்பது பின்னரே நமக்கு விளங்கிற்று.

ஓடுகிற வண்டியைவிட, ஓடி நின்ற வண்டியின் மூடிக்கடியில்தான் சூடு அதிகம். கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் காரணம் எளிது. இஞ்சின் ஓடும் வரையில் ரேடியேட்டர் நீர் சுற்றி வருகின்றது. விசிறி காற்றை வீசுகின்றது. தொட்டியிலிருந்து புதிய பெட்ரோல் குழாய் வழியே பாய்ந்து, போகும் வழியையும் குளிர்விக்கின்றது. சாவியை அணைத்ததும் இவை நின்றுபோகின்றன. இரும்புக் கட்டையிலும் புகைப்போக்கிக் குழாயிலும் தேங்கிய வெப்பமோ நிற்பதில்லை. மெல்லமெல்லப் பக்கத்துப் பொருள்களுக்குப் பரவுகின்றது. நிறுத்திய பின் பத்து நிமிடத்திலிருந்து அரைமணி வரை இந்தச் சூடு உச்சத்தில் இருக்கும். ஆகவேதான் உடனே கிளப்பினால் கிளம்புகின்ற வண்டி, ஒரு குவளை மோர் அருந்திய பின் கிளம்பவில்லை. இரண்டு மணி நேரம் கழித்தால் மறுபடியும் கிளம்பிவிடும்.

இனிப் பெட்ரோலின் இயல்பைப் பார்ப்போம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று ஒரே எண்ணைச் சொல்லிவிடலாம். பெட்ரோலுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அது பல எண்ணெய்களின் கலவை. அதிலுள்ள இலேசான பகுதிகள் ஏறக்குறைய 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். கனத்த பகுதிகள் 200 டிகிரி வரை தாங்கும். குளிர்காலக் காலையிலும் வண்டி கிளம்ப வேண்டும் என்பதற்காகவே அந்த இலேசான பகுதிகள் அதில் வைக்கப்பட்டுள்ளன. தில்லியின் மே மாதத்தில் நிழலிலேயே 45 டிகிரி வெப்பம் நிலவுவதுண்டு. மூடிக்கடியில் எவ்வளவு இருக்கும் என்று நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். பெட்ரோல் பம்பு இஞ்சின் கட்டையோடு ஒட்டிப் பூட்டப்பட்டிருந்தால், அதனுள் நிற்கும் பெட்ரோல் குமிழியிட்டு ஆவியாகிவிடும். பம்போ திரவத்தைத் தள்ளுவதற்காக அமைந்தது. ஆவியை அது அமுக்கும், பிறகு விடும், மறுபடியும் அமுக்கும். ஒரு சொட்டும் முன்னே நகராது. நாம் ‘நீராவிப் பூட்டு’ என்று எழுதிய சங்கதி இதுதான். ‘ஆவியடைப்பு’ என்று எழுதியிருக்க வேண்டும். சாலையோர மிஸ்திரிகள் இதனை ‘ஏர் லாக்’ என்கின்றார்கள். அதுவும் சரியன்று, உள்ளே அடைத்திருப்பது காற்றல்லவே. ஆனால் அவர்களுடைய தவறு வண்டியைக் கிளப்பிவிடுகின்றது. நம் தவறு அச்சில் அப்படியே நின்றுவிட்டது!

ஹோடல் மிஸ்திரி ஒரு பழைய பருத்தித் துணியைத் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்து பம்பின் மேல் சுற்றினார். துணி உலர உலரச் சிறிது நீர் தெளித்தார். பக்கத்திலிருந்த புகைப்போக்கி இரும்பின் மேல் நீர் படாமல் பார்த்துக்கொண்டார். பழுக்கச் சூடேறிய வார்ப்பிரும்பின் மேல் குளிர்ந்த நீரைக் கொட்டினால் விரிசல் காணக்கூடும். மரத்தடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அன்னையார், “காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் பற்றுப் போடுகிற மாதிரியல்லவா இருக்கிறது!” என்றார். உவமை பொருத்தமானதே. ஈரம் உலரும்போது வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகின்றது. பம்பினுள் இருந்த ஆவி மீண்டும் திரவமாகின்றது. அம்பாசிடர் வண்டி ஓட்டிய பழைய ஓட்டுநர்கள் பலர் கோடையில் ஒரு துணியையும் ஒரு புட்டித் தண்ணீரையும் இருக்கைக்கடியில் வைத்திருந்தது இதற்காகத்தான். அமெரிக்காவிலோ பெட்ரோல் குழாயில் துணி உலர்த்தும் மரக்கவ்விகளை வரிசையாக மாட்டிவைக்கும் வழக்கம் ஒன்று இருந்தது. அதனால் பயன் உண்டா என்பது ஐயமே. நம் ஈரத் துணியே மேல்.

கால்மணி நேரம் சென்றது. கடையிலிருந்தவர்கள் கைகொடுத்துத் தள்ள, வண்டி கிளம்பிற்று. மிஸ்திரி அதை அணைக்க விடாமல், மூடியைத் திறந்து வைத்தபடியே பம்பை உற்றுப் பார்த்தார். “இந்தப் பம்பை மாற்றியது எப்போது?” என்றார். முந்தின டிசம்பரில் என்றோம். “மாற்றியவர் இதன் அடியிலிருந்த கட்டையை எங்கே போட்டார்?” என்றார்.

அப்போதுதான் கதை முழுவதும் துலங்கிற்று. அந்தப் பம்புக்கும் இஞ்சினுக்கும் இடையில் பேக்கலைட்டினால் ஆன தடித்த கட்டை ஒன்று இருக்க வேண்டும். இஞ்சினின் சூடு பம்புக்கு ஏறாமல் தடுப்பது அதன் வேலை. டிசம்பரில் பழைய பம்பு கசிந்தது என்று ஒரு பட்டறையில் புதியது போட்டோம். அங்கே கட்டையை விட்டுவிட்டு மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை வைத்துப் பூட்டியிருக்கின்றார்கள். குளிர்காலத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. ஏப்ரலில் வெயில் ஏறியதும் வண்டி நடுப்பகலில் அடம்பிடிக்கத் தொடங்கிற்று. நான்கு மாதத்துக்கு முன் செய்த வேலையையும் இந்தத் தொல்லையையும் இணைத்துப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோவோம், போய்ச் சேர்ந்து, முறை வந்து, அவர்கள் மூடியைத் திறக்கும்போது வண்டி ஆறியிருக்கும், ஒரே திருப்பில் கிளம்பும். அவர்கள் ஏதேனும் ஒன்றைச் செய்தாக வேண்டுமல்லவா? முதலில் பிளக்குகளை மாற்றினார்கள். அடுத்த வாரம் காயில். அதற்கடுத்த வாரம் பாட்டரி. நம் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் இவ்வாறு கரைந்தது. நோயோ இருந்த இடத்திலேயே இருந்தது. பட்டறைக்காரர் நம்மை ஏமாற்றினார் என்று சொல்லமாட்டோம். அவர் பார்த்தபோதெல்லாம் வண்டி நலமாகவே இருந்தது. நலமாயிருக்கும் வேளையில் மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருந்த குற்றம் நம்முடையது.

ஆதலின் இந்த நோயுடைய வண்டி வைத்திருப்போர்க்கு நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இது: எந்தப் பொருளையும் மாற்றுவதற்கு முன், வண்டி சூடாக, கிளம்பாமல் நிற்கும் அந்த வேளையிலேயே சோதனை செய்ய வேண்டும். முடியுமானால் மெக்கானிக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு அரைமணி ஓட்டி, அணைத்து, கால்மணி காத்திருந்து, அவர் கண்ணெதிரே அது அடம்பிடிக்கும்படி செய்ய வேண்டும். இஞ்சினுக்கு வேண்டியவை சுழற்சி, தீப்பொறி, அளவான பெட்ரோல் ஆகியவைதாம். அவற்றுள் எது இல்லை என்று அந்த வேளையில் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆறிய பின் சாட்சியம் ஒன்றும் மிஞ்சாது.

சுழற்சியைக் காதாலேயே அறியலாம். காலையில் சுறுசுறுப்பாகச் சுழலும் ஸ்டார்ட்டர் சூட்டில் மட்டும் சோம்பினால், புகைப்போக்கிக் குழாயின் அருகிலுள்ள ஸ்டார்ட்டரே சூடேறிவிட்டது என்றோ, பாட்டரியின் பூமி இணைப்புக் கம்பி துருப்பிடித்தது என்றோ ஐயுறலாம்.

தீப்பொறியைக் காண ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியில் மாட்டி, காப்பிட்ட குறட்டால் பிடித்து இஞ்சினின் இரும்பில் தொடச்செய்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுவது பழைய முறை. புதிய வண்டிகளில் மின் அழுத்தம் மிகக் கடுமையானது. ஆதலால் இதை அறிந்தவர் கையில் விடுதல் நலம். பெட்ரோல் நாற்றம் அடிக்கும்போது யாரும் இதைச் செய்யவே கூடாது. சூட்டில் பொறி அற்றுப்போனால் காயிலைச் சந்தேகிக்கலாம். அதனுள் இருப்பது செம்புக் கம்பி. 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேறினால் செம்பின் மின்தடை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடிவிடும். அதன் காப்புப்பூச்சும் பழையதானால் பொறி மெலிந்து மறையும்.

பெட்ரோல் விஷயத்தில்தான் பெரிய மயக்கம். ஏனெனில் பெட்ரோல் வராவிட்டாலும் வண்டி கிளம்பாது. மிகுதியாக வந்தாலும் கிளம்பாது. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. சிகிச்சையோ நேர்மாறானது. கார்ப்புரேட்டரின் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் சூட்டில் கொதித்துப் பொங்கி உள்ளே வழிந்துவிடுவதுண்டு. அப்போது நாற்றம் வரும். பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கும். அந்நிலையில் சோக்கை இழுக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்தி, அப்படியே அசையாமல் வைத்துக்கொண்டு, பத்து விநாடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். காற்று புகுந்து மிகையான பெட்ரோலை வெளியேற்றும். மேலும் கீழும் மிதித்தால், ஒவ்வொரு மிதிக்கும் கார்ப்புரேட்டர் இன்னும் சிறிது பெட்ரோலைப் பீய்ச்சும்; நனைந்த விறகில் மேலும் தண்ணீர் ஊற்றுவது போலாகும். நாற்றமே இல்லையென்றால் ஆவியடைப்பு. அதற்கு ஈரத் துணியும் பொறுமையும். மிஸ்திரி மூக்கைப் பற்றிக் கேட்ட கேள்வியின் அருமை இப்போது நேயர்களுக்கு விளங்கும். எவ்வாறாயினும் அந்த வேளையில் அருகில் ஒருவரும் பீடி, சிகரெட் பற்றவைக்கலாகாது. ரேடியேட்டர் மூடியையும் திறக்கலாகாது. அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதியாமல் இருந்து, திறந்ததும் முகத்தில் சீறும்.

கார்ப்புரேட்டர் வண்டிகள் இப்போது அருகிவிட்டன. மாருதி 800 முதலாக எல்லாக் கார்களும் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறைக்கு மாறி ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகின்றது. அம்பாசிடர் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. புதிய வண்டிகளில் பம்பு தொட்டிக்குள்ளேயே இருக்கின்றது. பெட்ரோல் பொதுவாக வளிமண்டல அழுத்தத்தைப் போல் மும்மடங்கு அழுத்தத்தில் வருவதால் எளிதில் ஆவியாவதில்லை. ஆனால் நோய் ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கின்றது. வண்டியை அணைத்த பின்னும் குழாயில் அழுத்தத்தைக் காத்து வைக்க ஒரு சிறு வால்வு உண்டு. அது தேய்ந்தால் அழுத்தம் இறங்கி, சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே கொதிக்கும். சாவியை ஸ்டார்ட்டர் வரை திருப்பாமல், முன்நிலையில் இரண்டு விநாடி வைத்து அணைத்து, இவ்வாறு மூன்று முறை செய்து பின் கிளப்பிப் பார்க்கவேண்டும். பம்பு ஒவ்வொரு முறையும் சிறிது ஓடி அழுத்தத்தை ஏற்றும். அதனால் கிளம்பினால் குறை இங்கேதான் என்று ஓரளவு துணியலாம். நீரின் வெப்பத்தை அளக்கும் உணர்கருவி பொய் சொல்வதும் உண்டு. இஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, குளிர்ந்திருப்பதாக அது கணிப்பொறிக்குத் தெரிவிக்கும்; கணிப்பொறியும் அதை நம்பிப் பெட்ரோலை வாரி இறைக்கும். இன்னும் ஒன்று, கிராங்க் தண்டின் சுழற்சியை உணரும் கருவி. சூட்டில் அது ஊமையாகிவிட்டால் பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. ஸ்டார்ட்டர் சுழலும்போது இஞ்சின் வேகத்தைக் காட்டும் முள் சிறிதும் அசையாமல் கிடந்தால் பல வண்டிகளில் அது இதற்கு அறிகுறி.

பழைய வண்டியைப் பேணி வைத்திருக்கும் அன்பர்களுக்கு வேறொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் நூற்றுக்குப் பத்துப் பங்கை எட்டி, 2025-இல் இருபதாக உயர்ந்தது. எத்தனால் தனியே 78 டிகிரியில் கொதிப்பது. ஆனால் பெட்ரோலோடு சிறிதளவு கலக்கும்போது அக்கலவை முன்னினும் எளிதில் ஆவியாகும் இயல்பைப் பெறுகின்றது. பழைய ரப்பர் குழாய்களையும் அது அரிக்கும். கோடைக்கு முன் அவற்றைப் பார்த்து மாற்றிவிடுதல் நன்று.

அன்று நாம் பிருந்தாவனம் போகவில்லை. வெயில் தாழும் வரை அந்த மரத்தடியிலேயே இருந்துவிட்டுத் தில்லிக்குத் திரும்பினோம். மிஸ்திரி துணிக்கும் தண்ணீருக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் காஷ்மீரி கேட்டு உதிரிப்பொருட் கடைகளில் ஏறி இறங்கி அந்தப் பேக்கலைட் கட்டையை வாங்கினோம். விலை நாற்பது ரூபாய். அதைப் பூட்டிய பிறகு ஜூன் மாத நடுப்பகலிலும் வண்டி மறுக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அன்னையாரை மீண்டும் அழைத்துச் சென்றபோது, ஹோடலில் அவரே நிறுத்தச் சொன்னார். மிஸ்திரி மூடியைத் திறந்து, பம்பின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்து, தலையை அசைத்தார். அன்னையார் ஊரிலிருந்து வந்த முறுக்கில் ஒரு பொட்டலத்தை அவரிடம் கொடுத்தார்.